வயிற்றுக்குள் ஒரு பொய்ச் செய்தி

வயிற்றுப் புண்ணுக்குக் காரமும் கவலையுமே காரணம் என்று நம்பி, அமில மாத்திரைகளிலேயே பல ஆண்டுகள் காலம் தள்ளியவர் என் தந்தை. இரைப்பைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோன பிறகுதான் நான் இதைப் படித்தறிந்தேன்.

1982-இல் ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைக் கண்டறிந்தனர். அதன் சில வகைகள் ஊசி போன்ற உறுப்பால் ‘காக்-ஏ’ என்ற புரதத்தை நம் உயிரணுவுக்குள் செலுத்துகின்றன. உயிரணுவின் சொந்த நொதியே அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிட, அது ‘எஸ்.ஹெச்.பி.-2’ என்ற மற்றொரு நொதியை முடுக்கிவிடுகிறது. வெளியிலிருந்து உத்தரவு ஏதும் வராமலே ‘வளர், பெருகு’ என்ற செய்தி உட்கருவை எட்டுகிறது. இந்தப் பொய்ச் செய்தி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் புற்றுநோய்க்கு வழி திறக்கலாம்.

கிருமி உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மூச்சுச் சோதனையிலேயே கண்டுபிடித்து, இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். தீராத வயிற்றெரிச்சல் உள்ளவர்கள் மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.