பிள்ளைகளைக் காப்பதும் திருப்பணியே

ஆலயத்தில் ஞாயிறுதோறும் நடைபெறும் தேவார வகுப்பில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொண்டாற்றி வருகிறேன். இன்றும் என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நிகழ்ச்சியை மெய்யன்பர்களாகிய உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்புக்கு வந்து கொண்டிருந்தான். கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அன்னதானப் பந்தியில் முதலில் உட்காருவான். வடையைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்வான். மற்றப் பிள்ளைகள் போன பிறகும் வீடு செல்ல மனமின்றி வாசலிலேயே இருப்பான். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "குடும்ப விவகாரம், நமக்கேன் வம்பு?" என்று இருந்துவிட்டோம். சில மாதங்களில் கை முறிந்து மருத்துவமனைக்கு வந்தான். மருத்துவர்தான் தகவல் கொடுத்தார். பார்க்கப் போன என்னிடம், "நீங்க பார்த்தீங்கதானே ஐயா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தில், தாய்மார் பால்மரம் சீவப் போனால் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பார்கள். லயத்தில் ஒரு பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அங்கும் குறைகள் இருந்தன. ஆனால் பார்க்கும் கண்கள் பல இருந்தன. அடுக்குமாடி வீடுகளில் கதவு சாத்தியே இருக்கிறது. ஆகவே பிள்ளைகள் வந்து கூடும் ஆலயத்தின் பொறுப்பு கூடியிருக்கிறது.

கொடுமை என்றால் அடி மட்டுமல்ல. பட்டினி போடுதல், நோய்க்கு மருந்து பார்க்காமை, சிறு பிள்ளையைத் தனியே பூட்டிவிட்டுப் போதல், ஓயாமல் இழிவாகப் பேசுதல், பாலியல் தொல்லை யாவும் கொடுமையே. ஓர் அறிகுறியை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. காரணம் சொல்லமுடியாத காயம், ஓயாத பசி, திடீர் மௌனம், ஒருவரைக் கண்டாலே நடுக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது. மருத்துவர், குடும்பத்தார், பிள்ளை பராமரிப்பாளர் ஆகியோர் சந்தேகத்திற்கு நியாயமான காரணம் இருந்தால் தகவல் தரவேண்டியது கடமை என்கிறது. சிறார் பாலியல் குற்றங்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெரிந்தும் சொல்லாதிருப்பதே குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம்.

"சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களே" என்று பலர் தயங்குகிறார்கள். தகவல் கிடைத்தால் சமூகநல இலாகா அதிகாரி முதலில் விசாரிப்பார். ஆபத்து இருந்தால் பிள்ளையைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்று, 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் கொண்டுவர வேண்டும். முடிவு செய்வது நீதிமன்றம். நாம் குற்றத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. கண்டதைச் சொன்னால் போதும். 15999 எனும் எண்ணுள்ள தாலியான் காசே தொலைபேசிச் சேவை நாள் முழுதும் இயங்குகிறது. உடனடி ஆபத்தென்றால் 999.

பிள்ளை வாய் திறந்தால் பொறுமையாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்ன சொற்களையே தேதியுடன் எழுதி வையுங்கள். சந்தேகத்துக்குரியவரிடம் போய்ச் சண்டையிட்டால் அடி பிள்ளைக்குத்தான் விழும்.

எங்கள் வகுப்பில் இப்போது எப்போதும் இரு பெரியவர்கள் இருக்கிறோம். எந்தப் பிள்ளையை யார் அழைத்துச் செல்கிறார் என்று குறித்து வைக்கிறோம். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறோம். வேலையிழந்த தகப்பனுக்கும், துணையின்றித் தவிக்கும் தாய்க்கும் காலத்தில் கிடைக்கும் உதவி பல கொடுமைகளை முளையிலேயே தடுக்கும். நன்கொடையாளப் பெருமக்கள் கோபுரத் திருப்பணிக்கு அள்ளித் தருகிறீர்கள். பிள்ளைகளின் பராமரிப்பு, பள்ளிப் போக்குவரத்து, குடும்ப ஆலோசனை ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்.

குழந்தையும் தெய்வமும் ஒன்று என்கிறோம். அடுத்த முறை ஒரு பிள்ளை நம்மிடம் "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "பார்த்தேன், சும்மா இருக்கவில்லை" என்று சொல்லும் துணிவை எல்லாம்வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.