வாய்மூடிய யந்திரமும் சங்கத்தின் கடமையும்

முன்னாளில் சங்கத்தின் கல்லாப் பெட்டிக்கு ஒரு நல்ல பூட்டும், நம்பிக்கையான ஒருவர் கையில் அதன் சாவியும் இருந்தால் போதும். இன்று அப்பெட்டியின் பக்கத்திலே உள்ளங்கையளவான யந்திரம் ஒன்று அமர்ந்திருக்கிறது. கைத்தறி விற்பனை நிலையத்தில் அது வங்கி அட்டையைப் படித்துப் பணம் பெறுகிறது. உரக் கிடங்கில் விவசாயியின் கைரேகையைப் படித்து மூட்டையை விடுவிக்கிறது. ஒரு நாள் அந்த யந்திரம் வாய் மூடிக்கொண்டால் என்ன செய்வது? பழுது பார்ப்பதா, மாற்றுவதா? இது பற்றி அங்கத்தினர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

இது அற்ப விஷயமன்று. மானிய உரத்தை யந்திரத்தின் மூலமே விற்க வேண்டும் என்னும் முறை 2018 மார்ச்சு மாதத்திற்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. விவசாயிக்கு விற்றது யந்திரத்தில் பதிவான பின்னரே உரக் கம்பெனிக்கு மத்திய அரசின் மானியம் சேருகிறது. ஆகவே யந்திரம் நின்றால், மூட்டை கிடங்கிலும் விவசாயி வாசலிலுமாக நிற்க வேண்டியதுதான். சம்பாப் பயிர் தூர் பிடிக்கும் பருவம் நம் சௌகரியத்துக்காகக் காத்திராது. அப்போது யூரியா கிடைக்காத அங்கத்தினர், அவசரத்துக்கு அதிக விலை சொல்லும் கடையைத் தேடிப் போகிறார். நெசவாளருக்கும் இதே கதிதான். தீபாவளி விற்பனையில் அட்டையுடன் வந்த வாடிக்கைக்காரர் வெறுங்கையுடன் திரும்பினால், விற்காத சேலை அலமாரியிலும் கூலிப் பாக்கி தறிக்காரர் வீட்டிலும் தங்கிவிடுகின்றன.

நாம் செய்யக்கூடிய பழுது

யந்திரம் நின்றதும் அது கெட்டுவிட்டது என்று முடிவு கட்டலாகாது. மின்னூட்டும் கம்பி தளர்ந்திருக்கலாம், மின்கலம் வலுவிழந்திருக்கலாம், சிம் அட்டைக்குச் சமிக்ஞை கிடைக்காமலிருக்கலாம். ரசீது வெறும் தாளாக வந்தால் காகிதச் சுருளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்தத் தாளில் மசியின் வேலையில்லை; வெப்பம் பட்டுக் கருக்கும் பூச்சு ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. அதே காரணத்தால் வெயிலிலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிவிடும். தணிக்கைக்கு வேண்டிய ரசீதுகளை அன்றன்றே நகல் எடுத்து வைப்பது நலம்.

நமது காரைக்கால் கடலோரப் பிரதேசம். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரமும் உலோக முனைகளை அரிக்கின்றன. உரக் கிடங்கில் மற்றொரு சத்துருவும் உண்டு. யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும் தன்மையுள்ளது. அதன் தூள் யந்திரத்துக்குள் புகுந்தால் கேடு விரைவில் வரும். ஆகவே யந்திரத்தை மூட்டை அடுக்கின் அருகிலோ ஜன்னலோரத்திலோ வைக்காமல், மாலையில் துடைத்து, மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நாம் தொடக் கூடாத பழுது

அட்டை யந்திரத்தின் மூடியைத் திருகு கழற்றித் திறப்பது ஒருக்காலும் கூடாது. வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்பதைப் போன்றதன்று இது. வாடிக்கைக்காரரின் இரகசிய எண்ணைக் காக்கும் மறைகுறிச் சாவிகளை வங்கி அந்த யந்திரத்துக்குள் ஏற்றியிருக்கிறது. மூடி திறக்கப்பட்டதை உணர்ந்ததும் யந்திரம் அச்சாவிகளைத் தானே அழித்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளது. திருடன் கையில் அகப்பட்டாலும் பயன்படாதிருக்கவே இந்த ஏற்பாடு. கடைத்தெருவில் கைப்பேசி பழுது பார்ப்பவர் எத்துணை கெட்டிக்காரராயினும், அழிந்த சாவியை மீண்டும் ஏற்ற அவரால் இயலாது. அட்டை யந்திரம் பெரும்பாலும் வங்கியின் உடைமை. நாம் மாத வாடகை செலுத்துகிறோம். பழுதானதை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்பதே முறை. உர யந்திரமாயின், ஒவ்வொரு மாநிலத்துக்கும் அப்பொறுப்புக்கென நியமிக்கப்பட்ட உரக் கம்பெனியின் பிரதிநிதிக்கும் வேளாண்மைத் துறைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

பழுதா, விரலா?

சில வேளைகளில் யந்திரம் நன்றாகவே இருக்கும், விரல்தான் தேய்ந்திருக்கும். நாற்றுப் பறித்த கையும், பல்லாண்டு நூல் இழுத்த கையும் ரேகை மங்கியிருப்பது இயற்கை. உழைத்ததற்காக ஒரு விவசாயி உரமின்றித் திரும்பலாகாது. 2020 செப்டம்பரில் வெளியான 3.1 பதிப்பு மென்பொருளில், ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண்ணைக் கொண்டு விற்கும் வசதி சேர்க்கப்பட்டது. கணினியில் இயங்கும் பதிப்பு 2019 ஜூலையிலேயே வந்தது. கணினியுள்ள சங்கங்கள் அதனை மாற்று ஏற்பாடாக முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். பருவம் தொடங்குமுன் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தமது கைப்பேசி எண் ஆதாரில் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்வது பயன் தரும்.

மாற்றியே ஆகவேண்டிய தருணம்

யந்திரம் கெடாமலே காலாவதியாவதும் உண்டு. அமெரிக்காவில் ஆளில்லாமல் நடக்கும் கார் கழுவும் நிலையங்கள் பல இருக்கின்றன. வண்டிக்காரர் தாமே அட்டையைச் செருகித் தண்ணீர் பெற்றுக் கழுவிக்கொள்வார். 2022இல் அந்நாட்டுத் தொலைபேசிக் கம்பெனிகள் 3ஜி அலைவரிசையை நிறுத்தின. அதை மட்டும் நம்பியிருந்த அட்டைக் கருவிகள் ஒரு குறையும் இல்லாதிருந்தும் பயனற்றுப் போயின. நம் நாட்டிலும் காந்தப் பட்டை அட்டைகளை நீக்கி, 2018 டிசம்பர் 31க்குள் சில்லு பதித்த அட்டைகளைத் தர வேண்டுமென ரிசர்வ் வங்கி விதித்தது. கைரேகைக் கருவிகளிலும் பழைய எல்-0 வகையைக் கைவிட்டு எல்-1 வகைக்கு மாறும்படி ஆதார் ஆணையம் கூறியுள்ளது. எல்-1 வகையில் ரேகைத் தகவல் கருவிக்குள்ளேயே மறைகுறியாக்கப்படுகிறது; பழையதில் வெளியிலுள்ள மென்பொருளில் அது நடந்தது. எத்தனை பழுது பார்த்தாலும் பழையது புதியதாகாது. இத்தகைய யந்திரத்துக்குச் சங்கத்தின் பணத்தைச் செலவிடுவது சிக்கனமாகாது.

மற்றப் பழுதுகளில் கணக்கே வழிகாட்டி. யந்திரம் நின்ற நாட்களையும் அந்நாட்களில் தவறிய விற்பனையையும் ஒரு பதிவேட்டில் குறித்து வாருங்கள். நாளொன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய் அட்டை விற்பனையுள்ள கடையில் பத்து நாள் யந்திரம் நின்றால், இருபதாயிரம் ரூபாய் விற்பனை ஆபத்துக்குள்ளாகிறது. மாதச் சில நூறு ரூபாய் வாடகையை மிச்சம் பிடிக்கப் பழைய யந்திரத்தைக் கட்டிக்கொண்டிருப்பது நியாயமா என்பதை அப்பதிவேடே காட்டிவிடும்.

மாற்றும்போது எச்சரிக்கை

யந்திரத்தை மாற்ற வந்திருக்கிறேன் என்று சொல்லும் எவரிடமும் உடனே ஒப்படைத்துவிடலாகாது. வங்கிக் கிளைக்குப் பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். பழையதன் வரிசை எண்ணையும் புதியதன் வரிசை எண்ணையும் எழுதிக் கையொப்பம் பெறுக. பழையதில் அன்றைய கணக்கை முடித்த பிறகே கொடுக்க வேண்டும். புதியதில் சிறு தொகை ஒன்றைச் செலுத்தி, ரசீதில் சங்கத்தின் பெயர் வருகிறதா, பணம் சங்கத்தின் கணக்கிலேயே சேருகிறதா என்று பாருங்கள். உர யந்திரமாயின், யந்திரம் காட்டும் இருப்பையும் கிடங்கிலுள்ள மூட்டைகளையும் அன்றே ஒப்பிட வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் யு.பி.ஐ. கட்டப்படம் அச்சிட்ட பலகை கைகொடுக்கும். அதற்கு மின்கலம் வேண்டாம். ஆனால் வாடிக்கைக்காரர் காட்டும் கைப்பேசித் திரையை நம்பாமல், சங்கக் கணக்கில் பணம் வந்ததை உறுதி செய்துகொள்க. பலகையின் மேல் வேறு படம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் தினமும் கவனிக்க வேண்டும்.

அட்டையில் பணம் பிடிக்கப்பட்டு ரசீது வராமற்போனால் வாடிக்கைக்காரருடன் வாக்குவாதம் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து நாட்களுக்குள் அத்தொகை தானாகவே அவர் கணக்குக்குத் திரும்ப வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி நூறு ரூபாய் ஈடு தர வேண்டும். இந்த விதியைத் தாளில் எழுதிக் கல்லாவின் அருகே ஒட்டி வைப்பது சங்கத்துக்கும் வாடிக்கைக்காரருக்கும் நன்மை.

யந்திரத்தைப் பேணுவது குமாஸ்தாவின் வேலை என்று அங்கத்தினர் ஒதுங்கியிருக்கலாகாது. வரும் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: நமது யந்திரம் யாருடையது? சென்ற ஆண்டில் எத்தனை நாள் நின்றது? நின்றால் அன்றே என்ன மாற்று ஏற்பாடு? இவற்றுக்கு உடனே விடை கிடைக்கும் சங்கத்தில், தூர் பிடிக்கும் பருவத்தில் எந்த அங்கத்தினரும் உரத்துக்காக வாசலில் காத்து நிற்க நேராது.