ராக்கெட் பார்க்கப் போகிறோம்!

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் கணக்கு, காஸ் வந்த தேதி, அத்தையின் மாத்திரை தீரும் நாள் எல்லாம் குறித்து வைத்திருப்பேன். இந்த மாதம் அதில் ஒரு தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே ஏழு வயதுப் பையன் கோணல்மாணலாக ஒரு ராக்கெட் வரைந்திருக்கிறான். ஆமாம் சகோதரிகளே, நாங்கள் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ராக்கெட் பார்க்கப் போகிறோம்!

எங்களுக்குத் திருவொற்றியூர். வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே வடக்கே ஒரு வெளிச்சப் புள்ளி மேலே ஏறுவது தெரியும். வற்றல் காயப்போட்ட பாயைத் தாண்டி நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் சத்தம் மட்டும் கேட்டதே இல்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருமுறையாவது நேரில் போகவில்லையே என்ற குறை எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு. பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு, ஃப்யூஸ் போட மட்டும்தான் உதவியது!

2019 முதல் அங்கே பொதுமக்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே பார்வையாளர் மாடம் இருக்கிறது. முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு திறந்த அன்று அடுப்பில் சாம்பார் கொதிக்க, நான் கைபேசியும் கையுமாக நின்றேன். சாம்பார் அடிப்பிடித்தது. ஆனால் ஐந்து பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது!

அன்றைக்கு வீடே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆனால் நான்கே நாளில் எல்லாம் தலைகீழானது.

எட்டாவது படிக்கும் பெரியவளின் அரைப் பரீட்சை மார்க் வந்தது. கணக்கில் முப்பத்தொன்று. அவர் பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இந்த மார்க்குக்கு ராக்கெட் ஒரு கேடா? எங்கேயும் போக வேண்டாம். அன்னிக்கு உட்கார்ந்து கணக்குப் போடட்டும்" என்றார்.

பெரியவள் அழவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. "எனக்குக் கணக்கு வராதும்மா. நான் வரலை. தம்பியைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கணக்கு வராது என்று ஒரு பெண் குழந்தை பதின்மூன்று வயதில் தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொள்வது சின்ன விஷயமா? பயணம் போனால் போகட்டும். அந்தத் தீர்ப்பை எப்படி அழிப்பது என்றுதான் அன்று இரவு முழுக்க யோசித்தேன்.

அத்தை ஆரம்பித்து வைத்தார்

மறுநாள் கீரை ஆய்ந்துகொண்டே அத்தைதான் பேச்சை எடுத்தார்.

"உன் வீட்டுக்காரன் என் வயித்துல இருந்தப்ப ரேடியோவுல சொன்னாங்கம்மா, நம்ம ராக்கெட் மேல போயிடுச்சுன்னு. தெருவே பேசிச்சு. அதுக்கு முந்தின வருஷம் விட்டது கடல்ல விழுந்துடுச்சாமே?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அத்தை சொன்னது எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை. 1979 ஆகஸ்ட் 10-ம் தேதி முதல் தடவை விட்டார்கள். சில நிமிடங்களிலேயே வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நம் ராமேசுவரம் அப்துல் கலாம். அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, தோல்விக்குப் பதில் சொன்னவர் இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவான். அடுத்த தடவை ஜெயிப்போம் என்று தன் ஆட்களை விட்டுக்கொடுக்காமல் பேசினார். 1980 ஜூலை 18-ம் தேதி அதே எஸ்.எல்.வி.-3, சுமார் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் நிறுத்தியது. அன்றைக்குத் தவான், கலாமைக் கூப்பிட்டு, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று அனுப்பிவிட்டார்! தோல்வி வந்தால் தலைவர் ஏற்றுக்கொள்வார், வெற்றி வந்தால் கூட இருந்தவர்களுக்குக் கொடுத்துவிடுவார் என்று கலாம் பிற்காலத்தில் மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். ஸ்ரீஹரிகோட்டா மையத்துக்கு 2002-ல் அந்தச் சதீஷ் தவானின் பெயரையே வைத்தார்கள்.

இரவு அவர் சாப்பிடும்போது இதை நிதானமாகச் சொன்னேன். "கடல்ல விழுந்ததுக்கே அடுத்த வருஷம் இன்னொரு சான்ஸ் குடுத்தாங்க. நம்ம பொண்ணு முப்பத்தொண்ணுதானே வாங்கியிருக்கா?" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. ரசத்துக்குச் சாதம் போடச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் படுக்கப் போகுமுன், "சூலூர்ப்பேட்டைக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கணக்குப் பாடம் தொடங்கியது

இப்போது எங்கள் வீட்டில் ராக்கெட்தான் கணக்கு வாத்தியார். சாயங்காலம் அப்பாவும் பெண்ணும் நோட்டை விரித்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒளியோ நம் கண்ணுக்கு உடனே வந்துவிடும். நாம் ராக்கெட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தால் சத்தம் எப்போது வரும்? 6,000-ஐ 340-ஆல் வகுத்து, "ஏறக்குறைய பதினெட்டு விநாடிப்பா!" என்றாள் பெரியவள். நெருப்பைப் பார்த்த பிறகும் பதினெட்டு எண்ணும்வரை நிசப்தம். அப்புறம்தான் இடி! தான் போட்ட கணக்கு சரியா என்று நேரில் பார்க்க அவளுக்கு இப்போது ஒரே ஆவல்.

"ஏன் அந்தத் தீவிலிருந்தே விடறாங்க?" என்று கேட்டாள். கிழக்கே முழுக்கக் கடல். கழன்று விழும் பாகங்கள் ஆள் இல்லாத கடலில் விழும். தவிர, பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்த இடத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இனாமாகக் கிடைக்கும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து முன்பக்கமாகப் பந்தை எறிவது போல என்றேன். பி.எஸ்ஸி. வீண்போகவில்லை!

ஆதித்யா-எல்1 திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி, செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றும் சொன்னேன். சந்திரயான்-2-ன் திட்ட இயக்குநர் வனிதா என்ற தமிழ்ப் பெண். அரியலூர் வளர்மதி, 2012-ல் ஏவிய ரிசாட்-1 திட்டத்தின் இயக்குநர். பெரியவள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

மூட்டை முடிச்சு

குழந்தைகள், பெரியவர்களோடு போக நினைப்பவர்களுக்கு நான் செய்யும் ஏற்பாடுகள் பயன்படலாம்.

வெயிலில் தயிர் சாதம் புளித்துவிடும். ரயிலில் சாப்பிடப் புளிசாதமும் வறுவலும். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. அதனால் வேளை தவறக் கூடாது என்று சுண்டலும் இரண்டு வேளை மாத்திரையும் தனி டப்பாவில். குடிக்கத் தண்ணீர், நீர்மோர், தலைக்குத் தொப்பி. மாடத்துக்குள் எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

சின்னவனுக்குத் தீபாவளி வெடியென்றாலே பயம். "முதல்ல வெளிச்சம், அப்புறம் எண்ணு, அப்புறம் டமால்!" என்று தினமும் விளையாட்டாகச் சொல்லிப் பழக்குகிறேன். எப்போது வரும் என்று தெரிந்த சத்தத்துக்குக் குழந்தை அவ்வளவாகப் பயப்படாது. காதைப் பொத்திக்கொள்ளவும் கற்றுக்கொடுத்துவிட்டேன். பகலில் ஏவினால் ராக்கெட் போகும் பக்கம் சூரியன் இருக்கக்கூடும். சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, தொலைநோக்கி வழியாக அறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்லி வைத்திருக்கிறேன். போன அன்றே ராக்கெட் கிளம்பும் என்று உறுதியில்லை. சந்திரயான்-2-ஐ 2019 ஜூலை 15-ம் தேதி விடியற்காலை ஏவ இருந்தார்கள். 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு கண்டு நிறுத்திவிட்டார்கள். அவசரப்படாமல் சரிசெய்து 22-ம் தேதி ஏவினார்கள். ஏவிய பிறகும் தவறலாம். 2025 மே 18-ம் தேதி பி.எஸ்.எல்.வி.-சி61 மூன்றாவது அடுக்கில் தவறிப்போனது.

"நாம போன அன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா?" என்றான் சின்னவன், முகம் சுருங்கி.

நான் வாய் திறப்பதற்குள் பெரியவள் சொன்னாள்: "என்னடா? எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சு மறுபடியும் விடுவாங்க. நாமளும் மறுபடியும் போவோம்."

அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. பழவேற்காடு ஏரியின் நடுவே போகும் சாலையில் அத்தைக்கு ஜன்னலோரம் இடம் பேசியாகிவிட்டது. முறுக்குக்கு அரிசி ஊறுகிறது. நேற்றுப் பெரியவள் ஒரு மாதிரிக் கணக்குத் தாளில் ஐம்பத்திரண்டு வாங்கினாள். காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.