கோழிக்குஞ்சு எங்கே வாங்குவது?

நாட்டுக்கோழி முட்டை கேட்டு வரும் வாடிக்கையாளர்களைப் பார்த்து, சேலையூர், முடிச்சூர், வண்டலூர் பக்கம் வீட்டுக் கொல்லையில் பத்து இருபது கோழி வளர்க்க நம்மவர் விரும்புவதுண்டு. முதலில் முடிவு செய்ய வேண்டியது, குஞ்சை எங்கே வாங்குவது என்பதே.

தெருவில் கூடையில் வரும் சாயக் குஞ்சுகள் மலிவு. ஆனால் அவை பெரும்பாலும் லேயர் இனச் சேவல் குஞ்சுகள். முட்டைப் பண்ணைக்கு வேண்டாமென்று பொரிப்பகம் கழித்தவை. முட்டையிடா, கறியும் அதிகம் தேறாது. தீவனச் செலவே முதலை விழுங்கிவிடும்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் காட்டாங்குளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்திலும், மாதவரத்திலும் உள்ளன. குஞ்சு இருப்பை முன்கூட்டியே விசாரித்துச் செல்லவும்.

தனியார் பொரிப்பகமாயின் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன இனம்? என்று பொரித்தது? மேரெக்ஸ் தடுப்பூசி போட்டாயிற்றா? அந்த ஊசி பொரித்த அன்றே அங்கேயே போட வேண்டியது. வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தோ ஏழாம் நாள் வாக்கில் நம் பொறுப்பு. முதல் வாரம் பல்பு வைத்து 95 டிகிரி பாரன்ஹீட் சூடு காக்க வேண்டும்.

தொப்புள் காய்ந்து, கண் தெளிந்து, கால் ஊன்றி நிற்கும் குஞ்சையே எடுங்கள். மூட்டையைக் குத்திப் பார்த்து அரிசி வாங்கும் நமக்கு, இதுவும் ஒரு கொள்முதல்தானே!