கான்ரின் மாரு: பெருங்கடல் தாண்டிய மரக்கப்பல்

ஜப்பானின் ஷோகன் அரசு ஹாலந்தில் கட்டி வாங்கிய போர்க்கப்பல் கான்ரின் மாரு. பாய்மரம் மூன்று, துணைக்கு நீராவி எந்திரம். 1857-இல் நாகசாகிக்கு வந்தது. 1860-இல் பசிபிக்கைத் தாண்டி சான்பிரான்சிஸ்கோ போயிற்று. அந்நியர் உதவியில்லாமல் போனோமென்று, அதில் சென்ற ஃபுகுசாவா யுகிச்சி சுயசரிதையில் எழுதினார். உடன்சென்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி புரூக்கின் நாட்குறிப்போ வேறு கணக்குச் சொல்கிறது: கேப்டன் கட்சு கைஷூ நோயில் படுத்துவிட்டார், புயலில் பாய்களைப் பெரும்பாலும் அமெரிக்க மாலுமிகளே கவனித்தார்கள். புதுக்கடையில் பழைய குமாஸ்தா வந்து உட்கார்ந்தால் அதிலென்ன கேவலம்? வியாபாரியான எனக்கு அப்படித்தான் படுகிறது. திரும்பும்போது புரூக் வரவில்லை; சில அமெரிக்க மாலுமிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஜப்பானியரே ஓட்டிவந்தார்கள்.

1868 உள்நாட்டுப் போரில், பழுதாகி ஷிமிசு துறைமுகத்தில் நின்ற கப்பலைப் புதிய பேரரசுப் படை தாக்கிப் பிடித்தது. மிதந்த பிணங்களைத் தொட ஊரார் பயந்தார்கள். ஜிரோச்சோ என்ற சூதாட்டக் கும்பல் தலைவர்தான் எடுத்து அடக்கம் செய்தார். 1871-இல், குடியேறப் போனவர்களை ஏற்றிச் செல்கையில், ஹொக்கைடோ கரையருகே கப்பல் மூழ்கியது.