நேரத்தைக் கூட்டுவது எப்படி? (கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்போம்)



காலம் பொன் போன்றது என்று படிக்கிறோம். அந்தக் காலத்தைச் சரியாகக் கூட்டத் தெரியுமா நமக்கு? எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. கூலி சேலைக்குத்தான், மணிக்கு இல்லை. ஆனாலும் ஒரு சேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு தெரிந்தால்தானே கூலி கட்டுமா கட்டாதா என்று பார்க்க முடியும்? அதனால் அப்பா என்னைக் கணக்கு எழுதச் சொன்னார். காலையில் 3 மணி 45 நிமிடம், மதியம் 2 மணி 30 நிமிடம். நான் கால்குலேட்டரில் 3.45 + 2.30 போட்டேன். 5.75 வந்தது. ஐந்தே முக்கால் மணி என்று எழுதிவிட்டேன். தினமும் அதே நேரம்தான், 15 நாளும் அப்படியே எழுதினேன்.

சரியான விடை 6 மணி 15 நிமிடம்! ஒரு நாளைக்கு அரை மணி குறைந்தது. 15 நாளைக்கு ஏழரை மணி நேரம். அம்மா, "என்னடி, ஒரு நாள் உழைப்பையே முழுங்கிட்டியே" என்றார்.

தப்பு எங்கே? கால்குலேட்டருக்கு 100 தான் தெரியும். மணிக்கு 60 நிமிடம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லி வைக்கும் ஒரு வழிதான் 'கிளாஸ்'.

கிளாஸ் என்றால் என்ன?

நம்ம ஒன்பதாம் கிளாஸ் இல்லை! பிளஸ் டூ கம்ப்யூட்டர் புத்தகத்தில் இதை 'இனக்குழு' என்கிறார்கள். நமக்குத் தெரிந்த உதாரணம் ஜக்கார்டு பெட்டி. அதில் மாட்டும் அட்டைதான் கிளாஸ். அந்த அட்டையை வைத்து நெய்யும் ஒவ்வொரு சேலையும் ஒரு 'பொருள்', அதாவது ஆப்ஜெக்ட். அட்டை ஒன்றுதான், ஆனால் ஒரு சேலை அரக்கு, இன்னொன்று மாம்பழ மஞ்சள். அதே மாதிரி 'நேரம்' என்று ஒரு கிளாஸ் எழுதினால் காலை 6.30 ஒரு பொருள், மாலை 4.30 இன்னொரு பொருள்.

'நேரம்' கிளாஸுக்குள் என்ன இருக்கும்?

உள்ளே ஒரே ஒரு எண். நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை நிமிடம் ஆனது என்பது. காலை 6.30 என்றால் 390. மாலை 4.30 என்றால் 990. ஒரு நாளைக்கு மொத்தம் 1440.

அதற்கு மூன்று வேலைகள் தெரியும்:

1. உருவாக்கு: மணி 0 முதல் 23 வரை, நிமிடம் 0 முதல் 59 வரை இருந்தால்தான் வாங்கும். 5 மணி 75 நிமிடம் என்று கொடுத்தால் "செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிடும்.

2. கூட்டு: நிமிடத்தைக் கூட்டி, 1440 ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளும். இரவு 11.50 உடன் 20 நிமிடம் கூட்டினால் 1430 + 20 = 1450. மீதி 10. அதாவது நள்ளிரவு 12.10.

3. காட்டு: 60 ஆல் வகுத்தால் ஈவு மணி, மீதி நிமிடம்.

உள்ளே இருக்கும் எண்ணை வெளியிலிருந்து யாரும் நேராக மாற்ற முடியாதபடி எழுத வேண்டும். இந்த மூன்று வாசல் வழியாகத்தான் போகணும். அப்போதுதான் தப்பு நேரம் உள்ளே நுழையாது.

முக்கியமான ஒன்று!

காலை 6.30 ஐயும் மாலை 4.30 ஐயும் கூட்டினால் என்ன வரும்? ஒன்றும் வராது, அதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 'கால அளவு' வரும். அது வேறு கிளாஸ். கடிகார நேரம் 1440 ஆனதும் மறுபடி 0 ஆகிவிடும். உழைத்த நேரம் அப்படி ஆகக் கூடாது, கூடிக்கொண்டே போகணும்.

எங்கள் வீட்டுக் கணக்கை இப்போது பாருங்கள்.

காலை 6.30 முதல் 10.15 வரை: 615 – 390 = 225
மதியம் 2.00 முதல் 4.30 வரை: 990 – 840 = 150
மொத்தம் 375 நிமிடம் = 6 மணி 15 நிமிடம்
15 நாளைக்கு 5625 நிமிடம் = 93 மணி 45 நிமிடம்

'காட்டு' வேலையை மட்டும் மாற்றினால் நாழிகையிலும் சொல்லும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. 375 நிமிடம் என்பது 15 நாழிகையும் 15 நிமிடமும். உள்ளே இருக்கும் எண் மாறவே இல்லை!

உங்களுக்குத் தெரியுமா? இந்த கிளாஸ் முறை முதலில் வந்தது 1960களில், நார்வே நாட்டில் உருவான 'சிமுலா' என்ற கம்ப்யூட்டர் மொழியில். இன்று சி++, ஜாவா, பைத்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நோட்டில் நிமிடமாக மாற்றிக் கூட்டுங்கள். அப்பா நோட்டில் 15 நாள் கணக்கையும் அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விடை சொல்லுங்கள்: இரவு 10.40 க்குக் கிளம்பிய பஸ் மறுநாள் காலை 5.15 க்கு வந்து சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு? (315 – 1360 போட்டால் மைனஸ் வரும். அப்போது என்ன செய்யணும்?)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி