மண்டை ஓட்டைத் திறந்த பிறகு

படுவான்கரையில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்த ஒரு இளைஞனை 1990 இலக்க அம்புலன்ஸ் வாவியைக் கடந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காயம் பெரிதில்லை. உள்ளே மூளை வீங்குகிறது. மண்டை ஓடோ விலகிக் கொடுக்காத பெட்டி. உள்ளழுத்தம் ஏற ஏற மூளைக்குப் போகும் இரத்தம் குறையும். மருந்துக்கு அடங்காவிட்டால், உள்ளங்கையை விடப் பெரிய எலும்புத் துண்டை எடுத்து, மூளையின் உறையையும் திறந்து, வீக்கத்துக்கு இடம் விடுவார்கள். எடுத்த எலும்பை உறைகுளிர்ப் பெட்டியில் வைப்பதுண்டு. நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துத் தைப்பதுமுண்டு.

வெளியே நிற்கும் தாய் கேட்பாள்: "சேர், புள்ள தப்புவானா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: உயிர் தப்புமா, பழையபடி எழும்பி நடப்பானா?

இந்தச் சத்திரசிகிச்சை பற்றிப் பல நாடுகளில் 408 பேரிடம் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வு இரண்டையும் பிரித்துக் காட்டியது. ஆறு மாதத்துக்குள், இயன்றவரை மருந்தால் மட்டும் பார்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் இறந்தார்கள். சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 27 பேர். கூடுதலாகப் பிழைத்த அந்த 22 பேரில் ஏறக்குறைய 6 பேர் நினைவு திரும்பாமலே கிடந்தார்கள். 8 பேருக்கு எல்லாவற்றுக்கும் துணை வேண்டியிருந்தது. மிச்ச 8 பேர் வீட்டுக்குள்ளாவது தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்தார்கள். இந்தக் கணக்கைக் கையெழுத்து வாங்கும் முன்பே குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யார் எந்தப் பக்கம் போவார் என்பதை வைத்தியர்கள் எளிய அடையாளங்களில்தான் தேடுகிறார்கள். டோர்ச் வெளிச்சத்துக்குக் கண்மணி சுருங்குகிறதா? நகத்தை அழுத்தினால் கையை இழுக்கிறாரா? வயதென்ன, வேறு பெருங்காயம் உண்டா, ஸ்கேனில் மூளையின் நடுக்கோடு எவ்வளவு விலகியிருக்கிறது? பத்தாயிரம் நோயாளிகளின் விவரத்திலிருந்து 2008இல் உருவான ஒரு கணிப்பு முறை இவற்றையெல்லாம் ஒரு சதவீதமாக்கித் தருகிறது. அந்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் நம்மைப் போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனாலும் நூறு பேரைப் பற்றிச் சொல்லும் எண் அது. இந்தக் கட்டிலில் கிடப்பவர் அந்த நூறில் எவர் என்று அதற்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரத்தை வைத்து முடிவுகட்டவும் கூடாது. 408 பேரிடம் நடந்த அதே ஆய்வில் இரண்டு வருடம் வரை பார்த்தபோது, சத்திரசிகிச்சை பெற்றவர்களில் பலர் ஆறு மாதத்துக்குப் பிறகும் தேறிக்கொண்டிருந்தார்கள். தேறும் வரை வீட்டில் கவனம் வேண்டும்: எலும்பில்லாத பக்கம் அழுந்தப் படுக்கவைக்காதீர்கள், உடற்பயிற்சிச் சிகிச்சையை விடாதீர்கள், எலும்பைத் திரும்ப வைக்கும் திகதியைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள்.